வியன்னாவிலிருந்து பிராக்குக்கு வாடகை வாகனம்: கட்டணத்துக்குள் என்ன இருக்கிறது?

பேருவளையைச் சேர்ந்த மாணிக்க வியாபாரியான வாசகர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். உம்மா, மனைவி, மூன்று பிள்ளைகள், அவர் என ஆறு பேர் ஐரோப்பா செல்ல இருக்கிறார்கள். வளைகுடா விமான நிறுவனங்கள் வியன்னாவுக்கும் பறக்கின்றன, பிராக் நகருக்கும் பறக்கின்றன என்பதால் ஒஸ்ரியாவின் வியன்னாவில் இறங்கி, செக் குடியரசின் பிராக்கிலிருந்து திரும்புவதாக டிக்கட் எடுத்திருக்கிறார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு நகரங்களுக்கும் இடைப்பட்ட தூரத்துக்குச் சாரதியுடன் ஒரு வேன் ஒழுங்கு செய்யப் பயண முகவர் 480 யூரோ கேட்கிறாராம். அதையும் முழுவதுமாக முன்கூட்டியே செலுத்த வேண்டுமாம். "நாலு மணித்தியால ஓட்டத்துக்கு இவ்வளவா நாநா? இது பகற்கொள்ளை இல்லையா?" என்று கேட்டார்.

இதே கேள்வியை வேறு சிலரும் வேறு நகரங்களின் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எனவே இந்த வாரம் இதனையே எடுத்துக்கொள்கிறேன். நான் இந்த வழியில் புகையிரதத்திலும் போயிருக்கிறேன், வாடகை வாகனத்திலும் போயிருக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வியன்னாவிலிருந்து வடக்கே ஏ5 நெடுஞ்சாலையில் ஏறி, எல்லையைக் கடந்து மிகுலோவ், பிர்னோ நகரங்களைத் தொட்டு, அங்கிருந்து டி1 நெடுஞ்சாலையில் பிராக் சென்றால் ஏறத்தாழ 330 கிலோமீற்றர். நில்லாமல் போனால் நான்கு மணித்தியாலம். நம்மவர்கள் இந்த 330ஐ மட்டும் பார்த்துவிட்டு விலை அதிகம் என்கிறார்கள். வாகனம் உங்களை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்ப வேண்டும். ஆகவே சாரதியின் கணக்கில் ஓட்டம் 660 கிலோமீற்றர். அவருக்கு ஒரு முழு நாள் போய்விடுகிறது. எரிபொருள், இரண்டு நாட்டு நெடுஞ்சாலைகளுக்குமான வரி அனுமதி, காப்புறுதி, வாகனத் தேய்மானம், சாரதியின் நாட்சம்பளம், பதிவை எடுத்துக்கொடுத்த இணையத்தளத்தின் அல்லது முகவரின் பங்கு, இவை எல்லாம் அந்த 480க்குள்தான். 660ஆல் வகுத்துப் பார்த்தால் கிலோமீற்றருக்கு 73 சதம் அளவில் வருகிறது. ஐரோப்பியச் சம்பள நிலைமையில் ஏழெட்டுப் பேர் அமரக்கூடிய வேனுக்கு இது கொள்ளை அல்ல. மலிவும் அல்ல. நான் விசாரித்த அளவில் சிறிய காருக்கு 300 யூரோவிலிருந்தும், வேனுக்கு 400 யூரோவுக்கு மேலும் கேட்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு வியாபார நுணுக்கம் உண்டு. அந்த வெறும் திரும்பல் ஓட்டத்துக்கு யார் ஆள் பிடித்துக் கொடுக்கிறாரோ அவரால்தான் விலையைக் குறைக்க முடியும். பிராக்கில் இருக்கும் வாகனக்காரர் காலையில் ஒருவரை வியன்னாவில் இறக்கிவிட்டு, பிற்பகலில் உங்களை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினால் உங்கள் பணம் அவருக்கு ஏறக்குறைய முழு இலாபம். பிராக்கில் 2015ஆம் ஆண்டு தொடங்கிய டேட்ரிப் போன்ற நிறுவனங்கள், நகரத்துக்கு நகரம் செல்லும் பயணிகளையும் உள்ளூர்ச் சாரதிகளையும் இணைத்தே வளர்ந்தன. ஆகையால் ஏறும் நகரத்தில் உள்ளவர்களிடம் மட்டும் விலை கேட்காதீர்கள், இறங்கும் நகரத்தில் உள்ளவர்களிடமும் கேளுங்கள். செக் குடியரசில் கூலி ஒஸ்ரியாவைவிடக் குறைவு. நான் ஒப்பிட்டுப் பார்த்தபோது பிராக் வாகனக்காரர்களின் விலை வியன்னாக்காரர்களின் விலையைவிடக் கீழே இருந்தது. நம்மூர் முகவர் இதைச் சொல்லமாட்டார், அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

நம் நாட்டில் வேன் பிடித்தால் கிலோமீற்றர் கணக்கு, சாரதியின் சாப்பாடு, இரவு தங்கும் செலவு என்று ஒவ்வொன்றாகச் சேரும். ஐரோப்பாவில் இந்தச் சேவை பெரும்பாலும் ஒரே விலையாகப் பேசப்படுகிறது, அதுவும் ஆளுக்கல்ல, வாகனத்துக்கு. ஒருவர் போனாலும் 480, ஆறு பேர் போனாலும் 480. ஆறு பேருக்கு ஆளுக்கு 80 யூரோ. புகையிரதத்தில் முன்கூட்டியே எடுத்தால் 20 யூரோ சுமாரிலும் டிக்கட் கிடைக்கிறது, கடைசி நேரத்தில் எடுத்தால் அதன் மூன்று மடங்கும் ஆகலாம். வியன்னா பிரதான நிலையத்திலிருந்து பிராக் பிரதான நிலையத்துக்கு ரெயில்ஜெட் வண்டி நான்கு மணித்தியாலத்தில் போய்விடுகிறது. தனியாகவோ கணவன் மனைவி இருவராகவோ போகிறவர்களுக்கு நான் வாகனத்தைச் சிபாரிசு செய்யமாட்டேன். புகையிரதம் சுத்தமானது, வசதியானது, நேரத்துக்கும் குறைவில்லை.

ஆனால் பேருவளை வாசகரின் நிலை வேறு. அவருடைய உம்மாவுக்கு முழங்கால் வருத்தம், ஆறு பெட்டிகள், சின்னவனுக்கு நான்கு வயது. ஹோட்டலிலிருந்து நிலையத்துக்கு இரண்டு டக்ஸி, மேடை தேடி நடை, வண்டிக்குள் பெட்டி ஏற்றுதல், பிராக்கில் மீண்டும் இரண்டு டக்ஸி. இந்தச் செலவையும் சிரமத்தையும் கூட்டினால் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. வாகனத்தில் போனால் உம்மா விரும்பிய இடத்தில் நிறுத்திக் கால் நீட்டலாம். பாதி வழிக்குச் சற்று முன்னதாக வரும் பிர்னோவில், 1998இல் திறக்கப்பட்ட, செக் நாட்டின் முதலாவது பள்ளிவாசல் இருக்கிறது. அது அமைந்துள்ள தெருவின் பெயரே வியன்னா வீதி என்று பொருள்படும் வீதென்ஸ்கா. லுஹருக்கு அங்கே நிற்க வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்லாமல் போய் வழியில் கேட்டால் சில சாரதிகள் மேலதிகக் கட்டணம் கேட்பார்கள், கேட்க அவர்களுக்கு உரிமையும் உண்டு. குத்னா ஹோரா, லெட்னிட்சே போன்ற இடங்களைப் பார்க்க இறங்குவதானாலும் இதே விதிதான். எத்தனை இடம், எத்தனை மணித்தியாலம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

கட்டணத்தைவிட முக்கியமான விடயம் ஒன்றுக்கு இப்போது வருகிறேன். நீங்கள் ஒப்பந்தம் செய்வது யாருடன்? சில வருடங்களுக்கு முன் வேறு இரு ஐரோப்பிய நகரங்களுக்கிடையே நாங்கள் நால்வர் செல்ல ஓர் இணையத்தளத்தில் வாகனம் பதிவு செய்து முழுப் பணத்தையும் கட்டியிருந்தேன். உறுதிப்படுத்தல் கடிதமும் கையில் இருந்தது. புறப்படுவதற்கு முதல் நாள் இரவு பத்து மணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: வாகன உரிமையாளர் விலகிக்கொண்டார், வருந்துகிறோம், பணம் ஏழு வேலை நாட்களில் திரும்பும். பணம் திரும்பி வந்தது, உண்மை. ஆனால் மறுநாள் காலை நால்வருக்கும் முழு விலையில் புகையிரத டிக்கட் எடுத்த நட்டம் எங்களோடுதான் நின்றது. கேட்டபோது, நாங்கள் இடைத்தரகர் மாத்திரமே, போக்குவரத்து வழங்குநர் அல்லர் என்று பதில் எழுதினார்கள்.

இது ஏன் இப்படி முடிகிறது என்பதை வாசகர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விமானப் பயணிகளுக்கு 2004ஆம் ஆண்டின் 261ஆம் இலக்க ஒழுங்குவிதி இருக்கிறது. விமானம் இரத்தானால், நீண்ட நேரம் தாமதமானால் நிபந்தனைகளுக்கு உட்பட்டு நட்டஈடு கேட்கலாம். பஸ் பயணிகளுக்கு 2011ஆம் ஆண்டிலும், புகையிரதப் பயணிகளுக்குப் புதுப்பித்து 2021ஆம் ஆண்டிலும் அதேபோன்ற ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டன. சாரதியுடன் கூடிய தனியார் காருக்கு அப்படி ஒன்று இல்லை. உங்களைக் காப்பாற்றுவது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளும் அந்தந்த நாட்டுப் பொதுச் சட்டமும்தான். இணையத்தில் வாங்கும் பொருளைப் 14 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று அங்கே ஒரு நுகர்வோர் உரிமை உண்டு. அந்த உரிமையும் இத்தகைய போக்குவரத்துச் சேவைக்குப் பொருந்தாது.

ஆகவே பணம் கட்டுமுன் நிபந்தனைகளில் மூன்று இடங்களையாவது தேடி வாசியுங்கள். தாங்கள் போக்குவரத்து வழங்குநர் என்கிறார்களா, தரகர் என்கிறார்களா? அவர்கள் பக்கத்தால் இரத்தானால் மாற்று வாகனம் தருவார்களா, பணத்தை மட்டும் திருப்புவார்களா? நீங்கள் இரத்துச் செய்தால் எத்தனை மணித்தியாலத்துக்கு முன்வரை முழுப் பணமும் கிடைக்கும்? 24 மணித்தியாலத்துக்கு முன்வரை இலவசமாக இரத்துச் செய்ய விடுபவர்கள் சந்தையில் இருக்கும்போது, திருப்பித் தரமாட்டோம் என்பவரிடம் முழுப் பணத்தையும் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. பேருவளை வாசகரிடம் நான் சொன்னதும் இதுதான். 480 பெரிய பிரச்சினை அல்ல, திரும்பாத முழு முற்பணமே பிரச்சினை. சாரதியிடம் இறங்கும்போது பணம் கொடுக்கும் முறையும் உண்டு. முன்பணம் கட்டியே ஆக வேண்டுமென்றால் வங்கி மாற்றலைத் தவிர்த்துக் கடனட்டையில் கட்டுங்கள். சேவை கிடைக்காதபோது அட்டை வழங்கிய வங்கியிடம் முறையிட்டுப் பணத்தை மீளப்பெற ஒரு வழியாவது இருக்கும். விலையை ரூபாயில் காட்டி ரூபாயிலேயே செலுத்தச் சொன்னால் மறுத்து, யூரோவிலேயே செலுத்துங்கள். அந்த மாற்று வீதத்தில் பெரும்பாலும் ஒரு இலாபம் ஒளிந்திருக்கும்.

பயண நாளை எப்படித் தெரிவு செய்வது? திரும்பும் விமானம் பிராக்கிலிருந்து மாலையில் என்றால், அன்று காலை வியன்னாவிலிருந்து காரில் புறப்படலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் மறுக்கிறேன். டி1 நெடுஞ்சாலை 2013 முதல் 2021 வரை பெருமளவில் திருத்தியமைக்கப்பட்டு முன்பைவிட நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஒரு விபத்து நடந்தால் மணிக்கணக்கில் வரிசை. வாகனம் தாமதித்து விமானம் தவறினால் விமான நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, ஆறு டிக்கட்டும் போய்விடும். ஓர் இரவாவது முன்கூட்டியே பிராக்கில் போய்ச் சேருங்கள்.

சாரதியின் களைப்பும் ஒரு விடயம். சாரதி உட்பட ஒன்பது இருக்கைக்கு மேற்பட்ட பயணிகள் வாகனங்களுக்கே ஐரோப்பாவில் ஓட்டும் நேரத்தையும் ஓய்வையும் பதிவு செய்யும் கருவி கட்டாயம். உங்களுக்கு வரும் வேனுக்கு அது இல்லை. காலையில் ஒரு 330 கிலோமீற்றர் ஓடிவந்தவர் இரவு ஒன்பது மணிக்கு உங்களை ஏற்றிக்கொண்டு மீண்டும் 330 ஓடுகிறாரா என்பது உங்களுக்குத் தெரியாது. விலை குறைவான திரும்பல் ஓட்டத்தை எடுப்பதானால் பகல் நேரத்தில் எடுங்கள்.

சிறுவர் ஆசனம் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய விதியில் 150 சென்ரிமீற்றருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளுக்கு அது தேவை, நாடுகள் அதனை 135 வரை குறைத்துக்கொள்ளலாம். ஒஸ்ரியா அப்படிக் குறைத்திருக்கிறது. நீங்கள் இரண்டு நாட்டிலும் ஓடுகிறீர்கள் என்பதால் பிள்ளைகளின் வயதையும் உயரத்தையும் முதலிலேயே அறிவித்து, ஆசனத்துக்கு வேறாகக் காசு உண்டா என்று கேளுங்கள். பெட்டிகளின் எண்ணிக்கையையும் சொல்லுங்கள். நால்வருக்கான கார் என்றால் நால்வரின் பெரிய பெட்டிகளுக்குமான கார் என்று அர்த்தமல்ல.

விசா விடயத்தில் வியன்னா–பிராக் வழியில் சிக்கல் இல்லை. இரண்டும் ஷெங்கன் வலயம், செக் குடியரசு 2007 டிசம்பரில் இணைந்தது. எல்லையில் நிரந்தரச் சோதனை கிடையாது, அவ்வப்போது பொலிஸார் நிறுத்திப் பார்ப்பதுண்டு. கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் கையில் வையுங்கள். ஆனால் வேறு வழிகளில் நம்மவருக்கு இது பெரிய விடயம். ஒருமுறை மட்டும் நுழையக்கூடிய ஷெங்கன் விசாவுடன் புடாபெஸ்டிலிருந்து சேர்பியாவின் பெல்கிரேட்டுக்குக் காரில் போனால், வலயத்தை விட்டு வெளியேறியதாகிவிடும், திரும்ப நுழைய முடியாது. குரோஷியா 2023இல் ஷெங்கனில் சேர்ந்தது. அங்கே ஸ்பிளிட் நகரிலிருந்து டுப்ரொவ்னிக் போகும் பழைய கரையோரப் பாதை நேயும் என்ற இடத்தில் பொஸ்னியாவின் சிறு துண்டு நிலத்தைக் கடக்கிறது. 2022 ஜூலையில் திறக்கப்பட்ட பெல்யெஷாட்ஸ் பாலத்தால் போனால் குரோஷியாவுக்குள்ளேயே போய்விடலாம். இவ்வழியில் வாகனம் பதிவு செய்யும் இலங்கையர்கள் பாலத்தால்தான் போக வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். ஐரோப்பியருக்கு அந்த எல்லை ஒரு பத்து நிமிடத் தாமதம். நமக்கு அது பயணமே முடிந்துபோகும் இடம்.

ஏறும் இடத்தைப் பொறுத்தவரை ஹோட்டலின் பெயர் போதாது, தெருவும் இலக்கமும் கொடுங்கள். வியன்னாவின் உள்நகரிலும் பிராக்கின் பழைய நகரிலும் பல தெருக்கள் நடப்பவர்களுக்கு மட்டுமானவை, வாகனம் வாசல் வரை வராது. முழங்கால் நோயாளி ஒருவரைக் கூட்டிப்போகிறவர் வாகனம் எந்த மூலையில் நிற்கும் என்பதை முதல் நாளே சாரதியிடம் கேட்டு அறிய வேண்டும். விமான நிலையத்தில் ஏறுவதானால் விமான இலக்கத்தைக் கொடுத்தால் தாமதத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், பொதுவாக இறங்கியதிலிருந்து ஒரு மணித்தியாலம் வரை இலவசமாகக் காத்திருப்பார்கள். ஹோட்டல் வாசலில் அந்தச் சலுகை 15 நிமிடம் அளவில்தான், பிறகு மணி ஓடத் தொடங்கிவிடும். சாரதியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் வாகன இலக்கமும் முதல் நாள் மாலைக்குள் வந்துசேரவில்லை என்றால் இரவாகுமுன் அழைத்துக் கேளுங்கள், அப்போதுதான் காலைப் புகையிரதத்துக்காவது இடம் பிடிக்கலாம். இறங்கியதும் நல்ல சாரதிக்கு விரும்பினால் ஏதாவது கொடுக்கலாம், கட்டாயம் இல்லை. பிராக்கில் பாவனையில் இருப்பது செக் கொருனா என்றாலும், இந்த வழியில் ஓடுபவர்கள் யூரோவையும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்கிறார்கள்.