சங்க அலுவலகத்திற்கு ஒரு பொது அச்சுப்பொறி

மேசைக்கு ஓர் அச்சுப்பொறி வைத்துக்கொண்டால் மைச் செலவும் பழுதுபார்க்கும் செலவும் பெருகும். நெட்வொர்க்கில் இணையும் பொறி ஒன்றிருப்பின் அலுவலகத்தின் எல்லாக் கணிப்பொறிகளும் அதனையே உபயோகிக்கலாம். கணிப்பொறி லினக்ஸில் இயங்குவதாயின் இதற்கென மென்பொருள் ஏதும் விலைகொடுத்து வாங்க வேண்டுவதில்லை.

லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிப்பது ‘கப்ஸ்’ என்னும் மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் என்பார் உருவாக்கிய இது 1999-இல் வெளிவந்தது. பின்னர் ஆப்பிள் கம்பெனியும் இதனைத் தன் கணிப்பொறிகளில் சேர்த்துக்கொண்டது. நூல் வழங்கும் நாளில் குமாஸ்தா அங்கத்தினர்களை வரிசைப்படி அழைப்பது போல, அச்சிட வரும் தாள்களை இது வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்புகிறது.

முதலில் அச்சுப்பொறியையும் கணிப்பொறியையும் ஒரே ரவுட்டரில் இணைக்க வேண்டும். பின்னர் கணிப்பொறியின் பிரவுசரில் ‘லோக்கல்ஹோஸ்ட்:631’ என்ற முகவரியை ஆங்கில எழுத்தில் இட்டால் கப்ஸின் பக்கம் திறக்கும். அதில் ‘அட்மினிஸ்ட்ரேஷன்’ பகுதியில் ‘ஆட் பிரிண்டர்’ என்பதை அழுத்தினால், நெட்வொர்க்கில் காணப்படும் பொறிகளின் பட்டியல் வரும். நம் பொறியைத் தேர்ந்து, மாடல் கேட்குமிடத்தில் ‘ஐ.பி.பி. எவ்ரிவேர்’ என்பது இருப்பின் அதனையே கொள்ளலாம். அண்மைக் காலத்துப் பொறிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி டிரைவர் தேவைப்படாமைக்கு இம்முறையே காரணம். காகித அளவு ஏ4 என்றிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நலம். ‘லெட்டர்’ என்றிருந்தால் ரசீதின் ஓரம் வெட்டுப்படக்கூடும்.

இவ்வளவும் கால் மணி நேர வேலைதான். தொல்லை வருவது பின்னரே. நான் கண்ட ஓர் அலுவலகத்தில் பொறியின் எண் முகவரியைக் கொண்டே அதனைப் பதிவு செய்திருந்தார்கள். ஒருநாள் மின்சாரம் நின்று வந்ததும் ரவுட்டர் அதற்கு வேறொரு முகவரி அளித்துவிட்டது. கணிப்பொறியோ பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. கூலி ரசீதுக்கு நெசவாளர்கள் காத்து நிற்க, எழுத்தர் பதற்றத்தில் அச்சிடும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். மாலையில் முகவரி சரிசெய்யப்பட்டதும் வரிசையில் கிடந்தவை யாவும் வெளிவந்தன. ஒரே கூலிக்கு ஐந்து ரசீதுகள்! தணிக்கையில் இதற்கு யார் விடை கூறுவது?

ஆகவே, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அச்சுப்பொறிக்கென ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுதல் அவசியம். தாள் வராதபோது மறுபடி அழுத்தலாகாது. ‘ஜாப்ஸ்’ பகுதியைத் திறந்து, வரிசையில் என்ன நிற்கிறதென்று பார்த்து, மிகையானவற்றை நீக்கிய பின்னரே பொறியைச் சரிசெய்ய வேண்டும்.

கார்பன் பிரதிக்காக ஊசி அச்சுப்பொறி வைத்திருக்கும் சங்கங்கள் அதனைக் கைவிட வேண்டுவதில்லை. அதனை ஒரு லினக்ஸ் கணிப்பொறியில் கம்பியால் இணைத்து, ‘ஷேர்’ என்ற குறியை இட்டால் மற்றவையும் அதனை உபயோகிக்கலாம். அந்தக் கணிப்பொறி மட்டும் அலுவலக நேரம் முழுதும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.