கடல் தின்று மிச்சம் வைத்த கடிதங்கள்

தபால்தலை இல்லாத, கறை படிந்த உறையைச் சாதாரண சேகரிப்பாளர் கையில் எடுக்கவே மாட்டார். அதே உறைக்கு ஏலத்தில் போட்டி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மூழ்கிய கப்பல்களிலிருந்து மீண்ட அஞ்சல் உறைகளைத் தேடுபவர்கள் இவர்கள்.

கடல்நீரில் பசை கரைந்து தபால்தலை கழன்றுவிடும். உறையின் மூலையில் வெறும் கட்டமும், அதற்கு வெளியே அஞ்சல் முத்திரையின் அரைவட்டமும்தான் மிஞ்சும். மீட்ட கடிதங்களை அஞ்சல் ஊழியர்கள் உலர்த்தி, நடந்ததைச் சொல்லும் முத்திரை குத்தி அனுப்புவார்கள். விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த முத்திரைதான்.

1862 நவம்பரில் பி அண்ட் ஓ நிறுவனத்தின் 'கொலம்போ' கப்பல் மினிக்காய்த் தீவின் பாறையில் மோதி உடைந்தது. அதன் தபாலில் ஒரு பகுதி தப்பியது. 'கொலம்போ சிதைவிலிருந்து மீட்டது' என்ற பொருளில் ஆங்கில முத்திரை குத்திய உறைகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள்.

முத்திரையை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். பழைய உறையை நனைத்துத் தலையை உரிக்க எவராலும் முடியும். அனுப்பிய நாள், கப்பல் கிளம்பிய நாள், போய்ச்சேர்ந்த நாள் மூன்றும் பொருந்துகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். டைட்டானிக்கின் 5 அஞ்சல் ஊழியர்களும் 3,000-க்கும் அதிகமான தபால் பைகளும் கப்பலோடு போயின. அதிலிருந்து தப்பிய தபால், 1912 ஏப்ரல் 11 அன்று அயர்லாந்தின் குவீன்ஸ்டவுனிலும் அதற்கு முன்பும் இறக்கப்பட்டதுதான். மூழ்கிய பையிலிருந்து வந்தது என்று யாராவது விற்க வந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

வியக்க வைப்பது 'கெய்ர்சொப்பா'. கர்நாடகத்தின் கெர்சொப்பா பெயரைத் தாங்கிய இந்தக் கப்பல் கல்கத்தாவிலிருந்து வெள்ளி, தேயிலையுடன் பிரிட்டன் போகும் வழியில், 1941 பிப்ரவரியில் அயர்லாந்துக்கு அப்பால் ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோவுக்கு இரையானது. சுமார் 4,700 மீட்டர் ஆழத்திலிருந்து வெள்ளிக் கட்டிகளை எடுக்கப் போனவர்களுக்கு 700-க்கும் அதிகமான கடிதங்களும் கிடைத்தன. கட்டுக் கட்டாய் அழுந்திக் கிடந்த காகிதத்தை வெளிச்சமும் பிராணவாயுவும் அதிகம் அண்டவில்லை. அதனால் மக்காமல் கிடந்தது. 2018-இல் லண்டன் அஞ்சல் அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் இப்படியொரு கறை படிந்த உறை இருந்தால் கழுவாதீர்கள், வேறு தலை ஒட்டாதீர்கள், செலோடேப் பக்கமே போகாதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் அப்படியே காட்டுங்கள்.