படைகளும் பொதிமாடுகளும்: மைசூர்ப் போர்க்காலக் கொங்கில் தானியம்

மைசூருக்கும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் 1767 முதல் 1799 வரை நான்கு போர்கள் நடந்தன. நான்கிலும் கொங்கு நாடு அடிபட்டது. காரணம் அதன் இருப்பிடம். மேற்கே பாலக்காட்டுக் கணவாய் மலபாருக்கு வழிவிடுகிறது. வடக்கே மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய கெஜலட்டி கணவாயும் காவிரிக்கரையில் காவேரிபுரம் கணவாயும் மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறுகின்றன. கிழக்கே கரூர் வழியாகத் திருச்சி, தஞ்சை. மைசூரின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தெற்கிலிருந்து போக நினைத்த படையும், அங்கிருந்து தெற்கே இறங்கிய படையும் இந்தச் சமவெளியைக் கடந்தாக வேண்டும். கடக்கும்போது சாப்பிட்டாக வேண்டும்.

பவானி, நொய்யல், அமராவதிக் கரைகளில் காலிங்கராயன் வாய்க்கால், கொடிவேரி அணை போன்ற பழைய பாசனங்களின் கீழ் நெல் விளைந்தது. மற்றதெல்லாம் மேட்டுக்காடு: கம்பு, சோளம், கேழ்வரகு, சாமை, மழை ஓய்ந்த பின் கொள்ளு. இதில் கொள்ளுக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. மைசூர்க் குதிரையானாலும் கம்பெனிக் குதிரையானாலும் அதற்குத் தீனி கொள்ளுதான். கொள்ளு விளையும் நாட்டைப் பிடித்தவனுடைய குதிரைப்படை நின்று போரிடும், மற்றவனுடையது மெலியும்.

தானியத்தைவிடத் தட்டுப்பாடானது மாடு. வண்டிப் பாதைகள் அரிதாக இருந்த காலத்தில் அரிசியும் உப்பும் குண்டும் மாட்டின் முதுகில்தான் போயின. பெரிய பீரங்கிகளை இழுத்ததும் மாடுதான். சிப்பாய்களைப் போலப் பல மடங்கு ஆட்கள் முகாமோடு நடந்தார்கள்: சமையற்காரர், புல் அறுப்பவர், கடைக்காரர், குடும்பத்தார். அத்தனை பேருக்குமான சுமை மாட்டின் மேல். கொங்கில் உழவுக்கும் அதே மாடு, கிணற்றில் கவலை இறைக்கவும் அதே மாடு. ஒரு சோடி எருதைப் படைக்காரன் ஓட்டிப் போனால் அந்த வீட்டின் சுமைக்கூலி போவதோடு நிற்காது. கிணற்றில் தண்ணீர் இருக்கும், இறைக்க ஆளிருக்கும், இழுக்க மாடிருக்காது. அடுத்த பட்டம் விதைக்காமல் போகும். போரில் செத்தவர்களை வரலாறு ஓரளவு எண்ணி வைத்திருக்கிறது. இப்படித் தரிசான தோட்டங்களை யாரும் எண்ணவில்லை.

குடியானவர்கள் சும்மா இருக்கவில்லை. சோளமும் கேழ்வரகும் காற்றுப் புகாத நிலக்குழிகளில் நெடுநாள் கெடாமல் இருப்பவை. வைக்கோல் பரப்பித் தானியத்தைக் கொட்டி, வாயை மூடி மண்ணைத் தள்ளிவிட்டால் வெளியே அடையாளம் தெரியாது. பஞ்சத்துக்காக ஏற்பட்ட இந்த வழக்கம் படைகளுக்கு எதிராகவும் உதவியது. வியாபாரிகளும் அப்படியே. காசு கைக்கு வரும் என்று தெரிந்தால் முகாம் கடைவீதிக்கு மூட்டை வரும். தெரியாவிட்டால் சந்தை கூடாது.

இதை நேரில் கண்டவர்களுள் ஒருவர் சுவார்ட்ஸ் பாதிரியார். பிரஷ்யாவில் பிறந்தவர், தஞ்சையில் வாழ்ந்தவர், தமிழும் இந்துஸ்தானியும் மராத்தியும் பேசியவர். 1779இல் சென்னை கவர்னர் ரம்போல்டு அவரை மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியின் மனநிலையை அறிந்துவரத் தூதனுப்பினார். ஜூலையில் தஞ்சையை விட்டுப் புறப்பட்ட அவர், அப்போது ஹைதரின் எல்லைக் கோட்டையாக இருந்த கரூரில் அனுமதிக்காக ஏறத்தாழ ஒரு மாதம் காத்திருந்தார். பிறகு கொங்கு வழியாகக் கெஜலட்டி ஏறி ஆகஸ்ட் இறுதியில் ஸ்ரீரங்கப்பட்டணம் சேர்ந்தார். மழையில் ஏற்படும் சேதத்தை ஹைதரின் ஆட்கள் உடனே செப்பனிடுவதை அவர் தம் நாட்குறிப்பில் வியந்து எழுதினார். பாதை சீராக இருந்தால்தான் பொதிமாடு போகும். ஹைதருக்கு அது தெரிந்திருந்தது. தூது பலிக்கவில்லை. 1780இல் ஹைதர் கர்நாடகச் சமவெளியில் இறங்கினார்.

அந்தப் போரின் நடுவே தஞ்சைக் கோட்டையில் பட்டினி வந்தது. சுற்றுப்புறத்தில் தானியம் இருந்தது. முன்பு கொண்டுவந்தவர்களுக்குப் பணம் கொடுக்காமல் ஏமாற்றியதால் இப்போது யாரும் கொண்டுவரத் தயாரில்லை. அரசர் சுவார்ட்ஸை அழைத்துப் பொறுப்பைக் கொடுத்தார். பணத்துக்குத் தாமே பொறுப்பு என்று அவர் ஊர்களுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு மூன்று நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் தானியம் சேர்ந்தது. சொன்னபடி பணமும் கொடுக்கப்பட்டது. தஞ்சைக்கு மேற்கே கொங்கில் நடந்த பலவற்றை விளங்கிக்கொள்ள இந்த நிகழ்ச்சி பெரிதும் உதவும். பற்றாக்குறை விளைச்சலில் இல்லை, கொடுக்கல் வாங்கலில் இருந்தது.

1783இல் கர்னல் ஃபுல்லர்ட்டன் கம்பெனியின் தென்படையுடன் கொங்கில் நுழைந்தார். ஜூனில் தாராபுரம், நவம்பரில் பாலக்காடு, அதே மாத இறுதியில் கோயம்புத்தூர் விழுந்தன. பாலக்காட்டுக் கோட்டையில் தானியமும் வெடிமருந்தும் நிறையக் கிடைத்தன. கோயம்புத்தூரை இருப்பிடமாக்கி, இந்நாட்டு விளைச்சலைக் கொண்டே கெஜலட்டி ஏறி ஸ்ரீரங்கப்பட்டணம் செல்வது அவர் திட்டம். ஆனால் ஹைதரின் மகன் திப்பு சுல்தானுடன் சமாதானம் பேசச் சென்ற தூதர்கள், பிடித்த இடங்களை விட்டு வெளியேறும்படி உத்தரவிட்டார்கள். மொழிபெயர்ப்புக்காக அவர்களோடு சேரப் புறப்பட்ட சுவார்ட்ஸைத் திப்புவின் ஆட்கள் சத்தியமங்கலத்தில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். 1784 மார்ச் 11 மங்களூர் உடன்படிக்கையால் கொங்கு மைசூரிடமே நின்றது. உள்நாட்டைப் பார்த்துவந்தவர்கள் எழுதிய குறிப்புகளைப் பொறுத்தவரை இந்த ஆண்டுகள் வீணாகவில்லை. எந்த ஊரில் எவ்வளவு விளையும், எந்த வழியில் மாடு போகும் என்பது கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. ஃபுல்லர்ட்டனின் நூல் 1787இல் லண்டனில் வெளியானது.

அந்த அறிவின் பயன்பாடு 1790இல், மூன்றாம் போரில் வந்தது. மே 26 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்ட ஜெனரல் மெடோஸ், ஜூன் நடுவில் கரூரையும் ஜூலை இறுதிக்குள் கோயம்புத்தூரையும் அடைந்தார். கரூர், ஈரோடு, சத்தியமங்கலம் என்று தானியக் கிடங்குகளை வரிசையாக அமைத்துக்கொண்டு, அவற்றின் பலத்தில் கணவாய் ஏறுவது நோக்கம். காகிதத்தில் குறையில்லாத திட்டம். அதற்காகப் படை பல கூறுகளாகப் பிரிந்து கிடந்தது. செப்டம்பரில் திப்பு கெஜலட்டி வழியாக இறங்கி, டணாய்க்கன் கோட்டைக்குக் கீழே பவானியைக் கடந்து, 13ஆம் தேதி சத்தியமங்கலத்தருகே கர்னல் ஃப்ளாய்டைத் தாக்கினார். ஃப்ளாய்டு பின்வாங்கினார். சிறிது நாளில் ஈரோடு திப்புவின் கைக்குப் போனது, சேர்த்துவைத்த சரக்கோடு; அக்டோபரில் தாராபுரமும். ஒரு பருவத்தின் கொள்முதல் எதிரிக்கே உணவானது. விவசாயி வீட்டு நெல்லை முதலில் ஒருவன் வாங்கிக் கிடங்கில் வைத்தான், அடுத்தவன் கிடங்கை எடுத்துக்கொண்டான். கோயம்புத்தூரில் சிறுபடையுடன் நின்ற லெப்டினன்ட் சால்மர்ஸ் 1791 நவம்பர் 3 வரை தாக்குப்பிடித்துச் சரணடைந்தார்.

அதே 1791 மே மாதத்தில் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசலிலிருந்து திரும்ப நேர்ந்ததும் தானியமும் மாடும் இல்லாமல் போனதால்தான். மாடுகள் மாண்டுபோய்ப் பெரும்பீரங்கிகளைத் தாமே உடைத்துவிட்டுத் திரும்பினார். வழியில் வந்து சேர்ந்த மராத்தியப் படையின் கடைவீதியில் கூடுதல் விலைக்குத் தானியம் வாங்கித்தான் அவரது ஆட்கள் பிழைத்தார்கள். அதன் பிறகு கம்பெனி லம்பாடிகளைப் பெரிய அளவில் அழைத்தது. குடும்பத்தோடும் மந்தையோடும் நாடு விட்டு நாடு தானியம் கொண்டுசென்ற இவர்களை இரு தரப்புமே விலை கொடுத்து அணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1792 உடன்படிக்கையில் சேலமும் பாரமகாலும் திண்டுக்கல்லும் மலபாரும் கைமாறின. கோயம்புத்தூர் திப்புவிடமே இருந்தது. 1799 மே 4 அன்று திப்பு வீழ்ந்த பிறகுதான் அது கம்பெனிக்கு வந்தது.

போர் விட்டுச்சென்றதை அடுத்த ஆண்டே ஒருவர் ஊர் ஊராகப் பதிவு செய்தார். கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் ஆணைப்படி 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்ட மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன், மைசூரைச் சுற்றிவிட்டு ஆண்டின் பிற்பகுதியில் கொங்குக்கு வந்தார். பயிர், கிணறு, வாரம், கூலி, சந்தை என எல்லாவற்றையும் குடியானவர்களையும் வணிகர்களையும் அதிகாரிகளையும் கேட்டு எழுதினார். புதிய ஆட்சிக்கு வரி கணக்கிட உதவும் விசாரணை அது; பதில் சொன்னவர்களுக்கும் அது தெரிந்திருக்கும் என்பதை மனத்தில் வைத்தே அவர் நூலைப் படிக்க வேண்டும். ஹைதர் காலத்தில் ஈரோட்டின் புறநகரில் மூவாயிரம் வீடுகள் இருந்ததாகவும், திப்பு காலத்தில் அவை குறைந்ததாகவும், மெடோஸ் படையெடுப்பில் மிச்சமும் அழிந்ததாகவும், தாம் கண்டபோது சுமார் நானூறு வீடுகள் எழுந்திருந்ததாகவும் அவர் குறித்தார். கோயம்புத்தூரில் இரண்டாயிரம் வீடுகள். முன்பு அதைப்போல இரு மடங்குக்கு மேல். அப்போது கொங்கின் வடபகுதியை மெக்ளியோடும் தென்பகுதியை ஹர்டிஸும் கலெக்டர்களாக நிர்வகித்தார்கள். இரு பகுதிகளும் 1804இல் ஒரே மாவட்டமாயின. பாலக்காட்டுக் கணவாய் வழியே புகையிலையும் துணியும் மலபாருக்குப் போய், பாக்கும் தேங்காயும் திரும்பி வரும் வணிகம் புக்கானன் வந்தபோதே மீண்டும் நடக்கத் தொடங்கியிருந்தது.