தோளில் பிளேட் வைத்தவர்கள் கவனத்திற்கு



தோள் எலும்பு முறிந்தால் பிளேட், ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன் செய்கிறார்கள். தையல் பிரித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. எலும்பு கூடுவதற்கு 3 மாதம்கூட ஆகலாம். அதற்குள் தண்ணீர்க் குடம், புல்லுக்கட்டு தூக்கினால் ஸ்க்ரூ தளரலாம், பிளேட் உடையலாம்.

கவனிக்க வேண்டியவை:

* தையல் போட்ட இடம் சிவந்து வீங்கினாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உள்ளே கிருமி தாக்கியிருக்கலாம். மாதங்கள் கழித்தும் இது வரும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும்.
* குறைந்த வலி திரும்பக் கூடினால் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே போய் எக்ஸ்ரே எடுக்கணும்.
* பயந்து கையை அசைக்காமலே வைத்தால் தோள் இறுகிவிடும். டாக்டர் சொன்ன பயிற்சியைத் தினமும் செய்யணும்.

"கூலி போயிடுமே" என்று வலியை மறைக்காதீங்க. குழுவில் சொல்லுங்க, துணைக்கு நாம் வருவோம்.