ஆறு கஜ அலை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நண்பர் ஒருவரின் வீடு. அப்பா காலத்தில் தறி ஓடிய நீளமான கூடம். தறிக்குழியை மூடி டைல்ஸ் பதித்து, அங்கே 5.1 ஹோம் தியேட்டர் வைத்திருக்கிறார். ஒரே குறை, நடுக்கூடத்து சோபாவில் உட்கார்ந்தால் வெடிகுண்டுகூடப் பொட்டுவெடி மாதிரிக் கேட்கிறது. தண்ணீர் குடிக்கப் பின்சுவர் ஓரமாகப் போனால் நெஞ்சுக்கூடு அதிர்கிறது. தாழ்ந்த ஒலிகளுக்கான சப்ஊஃபர் பெட்டியை இரண்டு தடவை கடைக்குத் தூக்கிப் போனார். பெட்டி நன்றாகவே இருந்தது. கூடம்தான் படுத்தியது.

ஒலி காற்றில் ஓடும் அழுத்த அலை. 30 டிகிரி வெயிலில் நொடிக்கு 349 மீட்டர் போகும். நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதுதான் ஹெர்ட்ஸ். 349-ஐ அதால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் கிடைத்துவிடும். ஜால்ரா ஓசையில் மின்னும் 10,000 ஹெர்ட்ஸ் அலை மூன்றரை சென்டிமீட்டர். சேலைக் கரைக்குள் அடங்கிவிடும். 63 ஹெர்ட்ஸ் அலையோ ஐந்தரை மீட்டர். ஆறு கஜம், முழுதாக ஒரு பட்டுச்சேலை! காதுக்கு எட்டும் அடிமட்டமான 20 ஹெர்ட்ஸ் பதினேழரை மீட்டர். மூன்று சேலைக்கு நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஏறக்குறைய அந்த நீளம்தான். வீட்டுக்குள் இடம் போதாமல் அதைத் தெருவில் நீட்டுகிறார்கள்.

அலைக்குத் தெரு கிடையாது. சுவரில் முட்டித் திரும்புகிறது. போகிறதும் வருகிறதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, சில இடங்களில் அழுத்தம் பொங்கும். சில இடங்களில் அசையவே அசையாது. இப்படி நின்ற இடத்திலேயே துடிப்பது நிலையலை. நண்பரின் கூடமும் ஐந்தரை மீட்டர். அதில் 32 ஹெர்ட்ஸ் அலை பாதி மட்டும் பொருந்துகிறது. சுவரோரம் உச்சம், நட்டநடுவில் பள்ளம். தறிக்குழியை மூடிவிட்டு ஒலிக்குழியில் உட்கார்ந்திருக்கிறார் மனிதர்!

கனமான பட்டுத்திரை போட்டால்? ஜால்ராவை அது விழுங்கும். 63 ஹெர்ட்ஸை அப்படி விழுங்கக் கால் அலை ஆழம், அதாவது கிட்டத்தட்ட 1.4 மீட்டர் தடிமனில் பஞ்சு அடைக்க வேண்டும். ஒலியளவைக் கூட்டுவதும் லேசான வேலையல்ல. ஒரு ஸ்தாயி கீழே இறங்கி அதே வலுவில் ஒலிக்க, பெட்டியின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்பின் போய்வர வேண்டும்.

வழி வேறு. ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று காதுக்குச் சரியாகப் பிடிபடாது. ஆகவே சப்ஊஃபர் டிவி பக்கத்தில்தான் இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. எங்கே வைப்பது? ஹெல்ம்ஹோல்ட்ஸும் ராலேயும் 19-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த விதி கைகொடுக்கிறது: ஒலிக்கும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் கேட்பது அதேதான்.

முதலில் சோபாவை இரண்டடி பின்னால் தள்ளினோம். அதன்மேல் சப்ஊஃபரை ஏற்றி, பேஸ் நிறைந்த பாட்டொன்றை ஓடவிட்டோம். நண்பர் தரையில் தவழ்ந்து, சுவரோரம் சுவரோரமாகக் காது கொடுத்துப் போனார்.

"என்னடா தொலைச்சே?" என்றார் அம்மா.

"பேஸும்மா."

பூஜை அறைக் கதவருகே நின்றார். அங்கே அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக, தொப்பியில் ரவைப் பசை அப்பிய மிருதங்கம் போல விழுந்தது. பெட்டி அங்கே போனது, நண்பர் சோபாவுக்கு வந்தார். குண்டு குண்டாகவே வெடித்தது. கூடவே பரணில் பித்தளை அண்டா 'ங்ஙொய்' என்று முனகியது. அம்மா ஒரு துண்டை மடித்து அதன் அடியில் செருகினார்.