நகரத்துக்குப் போன சத்து நிலத்துக்குத் திரும்பட்டும்

ஒவ்வொரு நாளும் விடியுமுன் நம் கிராமங்களிலிருந்து கீரைக்கட்டும் காய்கறிக் கூடையும் பக்கத்து நகரத்துக்குப் போகின்றன. காய் மட்டும் போவதில்லை. நம் மண்ணில் இருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் அதோடு வண்டி ஏறிப் போகின்றன. நகரத்தார் உண்டது போக மிஞ்சிய தோல், தண்டு, வாழை இலை எல்லாம் ஊர்க்கோடியில் குப்பை மேடாகிப் புகைகின்றன. நாமோ மூட்டை மூட்டையாக உரம் வாங்கிக்கொண்டிருக்கிறோம். நகரத்துக்கு நாற்றம், நமக்குச் செலவு.

ஒரு நகரம் தன் காலில் நிற்க வேண்டுமானால், உணவில் இயன்றதை அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்து நேரடியாக வாங்க வேண்டும். தன் குப்பையைத் தானே எருவாக்கி அதே கிராமங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். இவ்விரண்டும் சிறு விவசாயிகள் கைகொடுத்தால்தான் நடக்கும். நடந்தால் பலனும் அவர்களுக்கே.

உழவர் சந்தை காட்டிய வழி

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ம் தேதி மதுரையில் தொடங்கப்பட்டது. பஞ்சாபில் 1987-லேயே இதுபோன்ற சந்தை வந்துவிட்டது. அடையாள அட்டை பெற்ற விவசாயி தரகு, கமிஷன் எதுவும் இல்லாமல் நேரே விற்கிறார். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் விலை வைப்பது இதன் அடிப்படை.

எடுத்துக்காட்டாக, கத்தரிக்காயின் மொத்த விலை கிலோ 20 ரூபாய், கடை விலை 28 ரூபாய் என்று கொள்வோம். சந்தையில் 24 ரூபாய்க்கு விற்றால் விவசாயிக்கு 4 ரூபாய் கூடுதல், வாங்குபவருக்கு 4 ரூபாய் மிச்சம்.

ஆனால் எல்லாரும் ஒரே வாரத்தில் ஒரே காயைக் கொண்டுவந்தால் இந்த இலாபம் நிலைக்காது. பத்து விவசாயிகள் கூடிப் பேசி, பட்டம் பிரித்து நடுவது நல்லது. தண்டுக்கீரையைச் சில வாரங்களிலேயே பிடுங்கலாம். வெண்டை சுமார் 45 நாட்களில் காய்ப்புக்கு வரும். கத்தரி நட்ட இரண்டு மாத அளவில் பறிப்புக்கு வரும். இவற்றைக் கலந்து, பதினைந்து நாள் இடைவெளியில் விதைத்தால் வாரந்தோறும் கையில் பணம் புழங்கும். நகரத்துக்கும் காய் தட்டுப்படாது.

குப்பை எருவாகும் விதம்

நகரக் குப்பையை எருவாக்குவது புதிய யோசனை அல்ல. ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிக் கம்போஸ்ட் முறை ஒன்றை வகுத்தார். 1939-ல் சி. என். ஆச்சார்யா பெங்களூரில் நகரக் கழிவுக்கு ஏற்ற முறையை உருவாக்கினார். இந்தூர் முறையில் குவியலைக் கிளறிக் கொடுப்பார்கள். பெங்களூர் முறையில் குழியை மூடி அப்படியே மக்க விடுவார்கள்.

காய்கறிக் கழிவை மட்டும் குவித்தால் அழுகி நாறும். உலர்ந்த சருகு, வைக்கோல் கலக்க வேண்டும். கரிமச்சத்து 30 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு என்ற அளவில் கலவை அமைந்தால் நன்றாக மக்கும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும்; நீர் சொட்டக் கூடாது. கிளறி வரும் குவியலில் சூடு 55 முதல் 65 டிகிரி சென்டிகிரேடு வரை ஏறும். இந்தச் சூட்டில் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெருமளவு அழியும். பிறகு சூடு தணிந்து, இரண்டு மூன்று மாதங்களில் எரு பக்குவமாகும்.

எந்த எருவை வாங்கலாம்?

வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்காமல் கொட்டினால் கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக்கும் பேட்டரிச் செல்லும் எருவோடு நம் வயலுக்கு வரும். கண்ணாடி காலைக் கிழிக்கும். காரீயமும் காட்மியமும் மண்ணில் தங்கினால் எளிதில் போகா. 2016-ம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் வீட்டிலேயே தரம் பிரிப்பதை வலியுறுத்தின.

இலவசம் என்று சொன்னாலும் சோதிக்காமல் வாங்காதீர்கள்.

1. பக்குவமான எரு கறுத்து, மண் வாசனையோடு இருக்கும். நாற்றமோ சூடோ இருந்தால் மக்கவில்லை என்று பொருள்.

2. ஈரமான எருவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி நான்கு நாள் வைத்துப் பிரியுங்கள். துர்நாற்றம் வந்தால் வேண்டாம்.

3. எருவையும் மண்ணையும் சம அளவு கலந்து பாசிப்பயறு விதையுங்கள். வெறும் மண்ணில் விதைத்ததைப் போலவே முளைக்க வேண்டும்.

4. பரிசோதனை அறிக்கை கேளுங்கள். கரிமச்சத்து 12 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கரிம–தழைச்சத்து விகிதம் 20-க்குள் இருக்க வேண்டும். ஒரு கிலோ எருவில் காரீயம் 100 மில்லிகிராமையும், காட்மியம் 5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது.

மக்காத எருவை இட்டால் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும். முதல் பருவத்தில் 10 சென்ட் நிலத்தில் மட்டும் கடைசி உழவில் இட்டு, இடாத பகுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். மண் பரிசோதனைப்படி படிப்படியாகக் குறைக்கலாம்.

உள்ளூர் அமைப்பால் முடியுமா?

இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சியைப் பாருங்கள். குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஆகும் மின் கட்டணம் அந்த ஊராட்சிக்குப் பெரும் சுமையாக இருந்தது. 2006-ல் ஊராட்சியே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை அமைத்தது. செலவு சுமார் 1 கோடியே 55 லட்சம் ரூபாய். இதில் 40 லட்சம் ஊராட்சியின் சொந்தப் பணம். மீதி வங்கிக் கடன். தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின் வாரியத்துக்கு விற்று வருமானமும் பெற்றது. ஒரு காற்றாலைக்கே பொறுப்பேற்க ஓர் ஊராட்சியால் முடிந்ததென்றால், எருக்குழிக்கு ஒரு நகராட்சியால் பொறுப்பேற்க முடியாதா?

நாம் செய்ய வேண்டியது

வாங்க ஆளில்லாத எரு கொட்டகையிலேயே கிடக்கும். குப்பை மேடும் வளர்ந்துகொண்டே போகும். எனவே முதல் அடியை நாமே எடுத்து வைப்போம். பத்துப் பதினைந்து பேர் குழுவாகச் சேர்ந்து, "கண்ணாடி, பிளாஸ்டிக் இல்லாத, சோதித்த எரு தந்தால் பருவத்துக்கு இத்தனை டன் எடுத்துக்கொள்கிறோம்" என்று நகராட்சிக்கு எழுதிக் கொடுங்கள். விவசாயிகள் குறைதீர் நாளிலும், கிராம சபையிலும் இதைப் பேசுங்கள். உழவர் சந்தைக் கழிவைத் தனியே மக்க வைக்கக் கேளுங்கள். அதில் பெரும்பகுதி இலையும் காயும்தான் என்பதால் பிரிக்கும் வேலை குறைவு. காய் ஏற்றிச் சென்ற வண்டி வெறுமனே திரும்பாமல் எருவோடு வந்தால் வண்டிக் கூலியும் மிச்சமாகும்.

அடையாள அட்டைக்கு உழவர் சந்தை அலுவலகத்தையும், மண் பரிசோதனைக்கு உங்கள் பகுதி வேளாண்மை விரிவாக்க மையத்தையும் அணுகுங்கள்.