ஆமைக்கு எதிரி அரைக்குளிர்

பிரிட்டன் வீட்டுத் தோட்டங்களில் தரை ஆமை வளர்க்கும் வழக்கத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் வயதாகிறது. மொராக்கோ, துருக்கி, கிரீஸ் முதலிய மத்தியதரைக் கடலோர நாடுகளிலிருந்து இருபதாம் நூற்றாண்டில் மட்டும் லட்சக்கணக்கான ஆமைகள் அங்கே இறக்குமதியாகிக் கடைகளில் மலிவாக விற்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை முதல் சில குளிர்காலங்களைக்கூடத் தாண்டவில்லை. 1984இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் இந்த ஆமைகளின் வணிக இறக்குமதிக்குத் தடை விதித்த பிறகே அந்த வரத்து நின்றது. ‘வெயில் நாட்டு உயிர், குளிரைத் தாங்கவில்லை’ என்பதுதான் அந்தச் சாவுகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது பாதி உண்மைதான். கடுங்குளிரைவிட ஆமைக்கு ஆபத்தானது அரைக்குளிர். வெப்பமானி 10 டிகிரிக்கும் 18 டிகிரிக்கும் இடையில் நின்றுகொண்டிருக்க, வானம் மூடிக் கிடக்கும் அந்த மந்தமான நாள்கள்தான் அதன் உடலைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் குளிர்நாட்டிலும் ஆமையைத் திறந்தவெளியில் நலமாக வளர்க்கலாம்.

குளிரே கொல்லி என்றால் சில ஆமையினங்கள் உலகத்திலேயே இருந்திருக்க முடியாது. கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் புல்வெளிகளில் வாழும் ஹார்ஸ்ஃபீல்ட் ஆமையின் ஊரில் குளிர்காலக் காற்று உறைநிலைக்கு வெகு கீழே இறங்கும். பல்கேரியாவிலும் ருமேனியாவிலும் வாழும் ஹெர்மன் ஆமைக்கும் பனி புதிதல்ல. இவை உறைபனி எட்டாத ஆழத்தில் மண்ணுக்குள் புதைந்து மாதக்கணக்கில் உறங்குகின்றன. உடல் வெப்பம் 5 டிகிரி அளவுக்கு இறங்கும்போது இதயத்துடிப்பும் மூச்சும் மிகக் குறைந்து, சேமித்த கொழுப்பு மெல்லச் செலவாகிறது. வசந்தம் வந்ததும் அங்கே வெயில் தயங்காமல் ஏறும். ஆமையும் வெளியே வந்து வயிறு நிறைய மேயும். ஒன்று முழு உறக்கம், இல்லையேல் முழு வெப்பம் என்று அமைந்த வாழ்க்கை அது. பிரிட்டனின் ஏப்ரலும் அக்டோபரும் இந்த இரண்டில் எதையும் தருவதில்லை.

ஆமை தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத உயிர். மத்தியதரை ஆமைகளின் செரிமானமும் நோய் எதிர்ப்பும் சரியாக நடக்க உடல் 30 டிகிரியை ஒட்டிச் சூடேற வேண்டும். 14 டிகிரியில் அது விழித்திருக்கும், நடக்கும், இலையைக் கடிக்கவும் செய்யும். ஆனால் வெதுவெதுப்பான நீரில் கிடக்கும் அரிசி வேகாமல் புளிப்பதைப்போல, தின்ற தீனி குடலிலேயே கிடந்து கெடும். மூக்கொழுகல் போன்ற தொற்றுகள் தலைகாட்டுவதும் இந்த நிலையில்தான். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி3 தேவை. புற ஊதா-பி கதிர் தோலில் பட்டு அந்த வேலையைத் தொடங்கி வைக்கிறது, உடல் வெப்பம்தான் அதை முடித்து வைக்கிறது. ஒளி கிடைத்தும் சூடு கிடைக்காவிட்டால் வேலை அரைகுறையாகவே நடக்கும்.

ஆமை இந்தக் கணக்கை நன்றாக அறிந்தே நடந்துகொள்கிறது. ஹாம்ப்ஷயரின் செல்போர்ன் ஊரில் வாழ்ந்த இயற்கையாளர் கில்பர்ட் வைட், உறவினர் வழியாக 1780இல் தன்னிடம் வந்த டிமதி என்ற ஆமையை ஆண்டுக்கணக்கில் கவனித்து எழுதினார். வெயில் குறையும் இலையுதிர் காலத்தில் அது பழமரச் சுவரோரம் ஒதுங்கி, ஓட்டைச் சாய்த்துச் சுவரில் முட்டுக் கொடுத்து, கிடைக்கிற கதிரையெல்லாம் வாங்கிக்கொண்டதை அவர் பதிவு செய்திருக்கிறார். இன்றைய வளர்ப்பாளர் செய்ய வேண்டியது அந்தச் சுவரை இன்னும் கொஞ்சம் மேம்படுத்துவதுதான். தெற்கு பார்த்த இடத்தில், நீர் வடியும் மேட்டில், கண்ணாடி வேய்ந்த சிறு கூடோ பசுமைக்குடிலோ அமைத்து, மூட்டமான நாளுக்கு உள்ளே ஒரு வெப்ப விளக்கைத் தொங்கவிட வேண்டும். வெளியே 15 டிகிரியாக இருக்கும் காலையில் அந்தக் கூட்டுக்குள் ஆமை நான்கு கால்களையும் கழுத்தையும் நீட்டிக் கிடக்கும். உடல் சூடேறியதும் எழுந்து வெளியே போய்ப் புல்லும் களைச்செடியும் மேயும், குளிர்ந்ததும் திரும்பி வரும். சாதாரணக் கண்ணாடி வெப்பத்தைப் பிடித்து வைத்தாலும் புற ஊதா-பி கதிரைத் தடுத்துவிடும். ஆகவே கூட்டின் வாசல் பகலில் திறந்தே இருக்க வேண்டும்.

குளிர்காலத்துக்கும் இதே நியாயம்தான். வைக்கோல் திணித்த பெட்டியில் ஆமையை வைத்துக் கொட்டகையில் விட்டுவிடுவது பழைய முறை. ஜனவரியில் ஒருநாள் வெப்பம் 12 டிகிரிக்கு ஏறினால் ஆமை பாதி விழித்துச் சேமிப்பைச் செலவழிக்கும். மறுநாள் இரவு உறைபனி இறங்கினால் கண் உறைந்து பார்வையே போய்விடலாம். இதனால்தான் அனுபவமுள்ள பலர் இதற்கென்று ஒரு ஃபிரிட்ஜை ஒதுக்கி, 5 டிகிரியில் உறங்க வைக்கிறார்கள். அதற்கு முன் சில வாரங்கள் தீனியை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரில் அடிக்கடி உட்கார வைத்துக் குடலைக் காலியாக்குகிறார்கள். பிறகு காற்று மாறத் தினமும் கதவைத் திறந்து மூடி, அவ்வப்போது எடை பார்க்கிறார்கள். நோயுற்ற ஆமையையும் எடை குறைந்த ஆமையையும் உறங்க வைப்பதில்லை.

‘எந்த வசதியும் இல்லாமல் நூறாண்டு வாழ்ந்த ஆமைகள் இல்லையா?’ என்று கேட்பவர்கள் உண்டு. டெவன் மாவட்டத்தின் பௌடர்ஹாம் கோட்டையில் 2004இல் இறந்த மற்றொரு டிமதிக்கு வயது ஏறத்தாழ 160 என்று கணிக்கப்பட்டது. ஆனால் டெவன் பிரிட்டனின் இதமான தென்மேற்கு மூலை. தவிர, பிழைத்த ஒன்றுக்குப் பெயரும் புகழும் கிடைக்கிறது, மாண்ட ஆயிரங்களை யாரும் நினைவில் வைப்பதில்லை. பட்டினியையும் நோயையும் ஆமை ஆண்டுக்கணக்கில் தாங்கும். அதனால் உயிரோடிருப்பது நலத்துக்குச் சான்றாகாது. ‘அப்படியானால் வீட்டுக்குள்ளேயே விளக்கடியில் வளர்த்துவிடலாமே’ என்பது அடுத்த கேள்வி. ஆப்பிரிக்க ஆமைக் குஞ்சுகளைக் கொண்டு வியன்னா ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், உலர்ந்த சூழலில் வளர்ந்தவற்றின் ஓடு மேடு மேடாகப் புடைத்திருந்தது. சூடாக்கப்பட்ட வீட்டின் வறண்ட காற்றும் விளக்கும் சேர்ந்தால் அந்த ஆபத்து இருக்கவே செய்கிறது. ஈர மண்ணையும் மேயும் பரப்பையும் முழு வெயிலையும் அறை தராது. விளக்கு வைப்பது செயற்கை என்று சிலர் குறை சொல்வார்கள். மத்தியதரை உயிரை வடக்கே கொண்டுபோய் வைத்ததைவிடப் பெரிய செயற்கை எதுவும் இல்லை. பறித்துக்கொண்ட வெப்பத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பதுதான் இந்த விளக்கு.

இந்த முறை குளிர்கால உறக்கம் கொள்ளும் இனங்களுக்கு மட்டுமே பொருந்தும். நம் தென்னிந்தியாவின் நட்சத்திர ஆமைக்கு அப்படி உறங்கும் இயல்பே கிடையாது. அதை 5 டிகிரியில் வைத்தால் இறந்துவிடும். இருந்தும் செல்லப்பிராணிச் சந்தைக்காக அது நம் மண்ணிலிருந்து தொடர்ந்து கடத்தப்படுகிறது. 2019இல் அதன் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டது. இந்தியாவில் அதை வீட்டில் வைத்திருப்பதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குளிர்நாட்டில் வாழ்பவர்கள் ஆமை வாங்குமுன், ஐம்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் அதற்கு வெயிலும் முறையான உறக்கமும் தர முடியுமா என்று யோசிக்கட்டும். நம்மூரில் யாராவது நட்சத்திர ஆமையை விற்க வந்தால் வாங்காதீர்கள். வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.